இரண்டு சென்டிமீட்டர்

பீன்யா இரண்டாம் கட்டத்தில்
ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ் நாங்கள் ஏழு பேர்.
ஹொன்னப்பா அப்போது முதலாளி இல்லை,
மூன்றாவது லேத்தில் நிற்பவர்.
ஒரு சத்தம் போட்டால் ஏழு பேருக்கும் கேட்கும்.
அதற்குமேல் நிர்வாகம் என்று ஒன்று தேவைப்படவில்லை.

பத்தொன்பதாவது ஆள் சேர்ந்தது ஒரு மழைக்காலத்தில்.
கூரை இரைச்சலில் அவர் சத்தம்
கடைசி மில்லிங் மெஷினை எட்டவில்லை.
சொன்னதை எடுத்துப்போய்ச் சேர்க்க ஓர் ஆள் வேண்டும்.
"எத்திராஜு, நீனே ஹேளு" என்றார்.
எங்கள் கம்பெனியில் சூப்பர்வைசர் பிறந்தது
மழையால்.

நைட் ஷிப்ட் வந்ததும்
இரவுக்கும் ஓர் எத்திராஜ் தேவைப்பட்டார்.
பகலும் இரவும் ஸ்கிராப்புக்காகச் சண்டை போட்டதில்
இருவருக்கும் மேலே ஒரு மேனேஜர்.
மேனேஜர் எழுதுவதைச் சரிபார்க்க ஒருவர்,
சரிபார்த்ததைக் கோப்பில் போட நான்.
பிசிறு தேய்க்கும் பெஞ்சிலிருந்து
என்னை நாற்காலிக்கு மாற்றினார்கள்.
விரல் ரேகையில் இருந்த இரும்புத்தூள் போக
ஒரு மாதம் ஆயிற்று.

நூற்று நாற்பது பேர் ஆனபோது
ஆடிட்டர் வந்து வரைபடம் கேட்டார்.
யாருக்குக் கீழே யார், எல்லாம் ஒரே தாளில்.
பெட்டி பெட்டியாகப் போட்டேன்.
கான்ட்ராக்டில் வந்த அறுபது பேரை எங்கே வைப்பது?
ஓரமாக ஒரு புள்ளிக்கோடு போதும் என்றார்.
அந்தப் புள்ளிகள் அச்சில் விழவில்லை.

எத்திராஜுக்குக் கீழே தருமன்.
நடுவில் இரண்டு சென்டிமீட்டர்.
மவுஸால் இழுத்தபோது அந்தக் கோடு கனக்கவில்லை.
எத்திராஜின் தங்கையைக் கட்டியவன் தருமன்.
பதினோரு வருஷமாக "மச்சான்" என்றவன்
அந்தத் திங்கட்கிழமை "சார்" என்றான்.
எத்திராஜ் திரும்பி
தனக்குப் பின்னால் யார் நிற்கிறார் என்று பார்த்தார்.

ஆனி கடைசியில் தருமனின் லீவு லெட்டர் வந்தது.
காரணம்: மகனுக்குக் காது குத்து.
"பரிந்துரைக்கிறேன்" என்று கையெழுத்துப் போட்டது
எத்திராஜ்.
பிறகு தனக்கும் ஒன்று எழுதினார், அதே தேதிக்கு.
ஒரே செக்‌ஷனில்
சூப்பர்வைசரும் செட்டரும் ஒரே நாளில் லீவு போடக்கூடாது.
விதி பதினான்கு; தட்டச்சு செய்தது நான்தான்.
"அடுத்த வாரம் எடுக்கலாம்" என்று எழுதினார் மேனேஜர்.
அடுத்த வாரம் ஆடி.
மடியில் வைத்துக்கொள்ள மாமன் இல்லாமல்
எப்படிக் குத்துவது?

பத்தே முக்காலுக்கு டீ சங்கு ஊதியது.
கேட்டில் தங்கை, பிள்ளை,
ராஜகோபால நகரிலிருந்து டிவிஎஸ்ஸில் வந்த ஆசாரி.
லீவில் இருந்த தருமனுக்கும் விசிட்டர் பாஸ்.
பதிவேட்டில் "யாரைப் பார்க்க" என்ற கட்டத்தில்
மாமனை என்று எழுதினேன்.
வரைபடத்தில் அந்தப் பதவி இல்லை.

வாட்ச்மேன் நாற்காலியில் எத்திராஜ் உட்கார்ந்தார்.
மடியில் ஏறியதும் பிள்ளை
அவருடைய வெள்ளை ஹெல்மெட்டைப் பிடுங்கித்
தன் சந்தன மொட்டையில் கவிழ்த்துக்கொண்டது.
முதல் காது.
காட்டுக் கத்தல்.
வெளியே ஹொன்னப்பாவின் கார்,
ஒரு ஹாரன்.
கேட்டைத் திறக்க வேண்டிய சித்தலிங்கா
பிள்ளையின் கைகள் இரண்டையும் பிடித்திருந்தான்.
நான் போட்ட தாளில்
காருக்கும் அவனுக்கும் நடுவே ஆறு அடுக்கு.
"இன்னொரு காது பாக்கி இருக்கு சார்" என்றான் கன்னடத்தில்,
திரும்பாமலே.
என்ஜின் நின்றது.

சங்கு ஊதியபின்
உள்ளே சந்தனம் ஒட்டிய ஹெல்மெட்டோடு
எத்திராஜ் ஓடினார்.
ஒரு நிமிடம் தாமதம்.
அவர் பெயருக்கு நேரே எழுதினேன்.
எழுதத்தானே அந்த நாற்காலி.